மஞ்சள் குழாயில் போன கண்ணாடி இழை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பிரிவில் நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது, அங்கே கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் பாதி தாண்டியிருந்தது. ஆபீஸ் கட்டடத்தில் ஓர் அறைக்கு ஏசி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகை மாட்டி, பெரிய கம்ப்யூட்டரை அதில் குடிவைத்தார்கள். அதனோடு பேசுவதற்குக் கேன்டீனில் ஒன்று, மெஷின் ஷாப்பில் ஒன்று, கடைசியில் இருந்த, இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் ஒன்று என்று மூன்று சின்னத் திரைகள். நடுவே செம்புக் கேபிள்.

கேன்டீனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு டோக்கனை மின்னணு முறையில் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் ஜி.எம்.மின் நெடுநாள் ஆசை.

செம்புக் கேபிளுக்கும் ஃபவுண்டரியின் மின் உலைக்கும் ஆகவில்லை. உலையைப் போட்டதும் திரையில் எழுத்துகள் குத்தாட்டம் போடும். மழைக்காலத்தில் கொரட்டூர்ப் பக்கம் இடி இடித்தால் போதும், கேபிளின் இரு முனையிலும் இருந்த பெட்டிகள் புகைந்துவிடும். அவற்றை மாற்றி மாற்றி எனக்கு அலுத்துப்போன சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஓர் ஏஜென்ட் கம்பெனி இன்ஜினியர் டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்த சரக்கு, காற்றால் ஊதிச் செலுத்தும் ஆப்டிக்கல் ஃபைபர்.

விஷயம் எளிமையானது. முதலில் வெறும் பிளாஸ்டிக் குழாய்களைப் போட்டுவிட வேண்டும். ஒரு பெரிய உறைக்குள் பென்சில் பருமனில் ஏழு குழாய்கள், ஏழு நிறத்தில். பிறகு வேண்டும்போது, வேண்டிய குழாயில், தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை நுரைப் பூச்சுக்குள் பொதிந்து, அழுத்தக் காற்றோடு சேர்த்து உள்ளே விட்டால், காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடும். கண்ணாடியில் போவது வெளிச்சம் என்பதால் உலையும் இடியும் அதை ஒன்றும் செய்யாது. பின்னால் வேறு இழை தேவைப்பட்டால் பழையதை ஊதி வெளியே தள்ளிவிட்டுப் புதியதை அனுப்பலாம். தரையைத் தோண்ட வேண்டாம். எனக்கு உண்மையாகவே பிடித்துப்போயிற்று.

ஜி.எம்.முக்குப் பிடித்தது வேறு காரணத்துக்காக. "சுத்துவட்டாரத்துல வேற எவன்கிட்டயும் இது இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டார்.

ஏஜென்ட் இன்ஜினியர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். ஊதும் காற்று சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் கம்ப்ரஸர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு விட்டார் ஜி.எம். அவன் எனக்குப் பள்ளித் தோழன். ஆவடியில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பையன், அவன் பருத்திப்பட்டிலிருந்து நடந்து வருவான். அவன் அப்பா அந்தப் பக்கம் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நான் பாலிடெக்னிக் போனேன், அவன் ஐ.டி.ஐ. போனான். கடைசியில் இருவரும் ஒரே கேட் வழியாக உள்ளே வந்தோம். நாலு பேர் எதிரில் "சார்" என்பான், தனியாக இருந்தால் "மச்சான்".

"நம்ம காத்துல தண்ணி கீது சார். ட்ரையர் வாங்குங்கன்னு ஏழெட்டு வாட்டி எழுதிக் குட்த்துட்டேன்" என்றான் அவன்.

ட்ரையர் என்பது காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் இயந்திரம். அது இல்லாததால் மெஷின் ஷாப்பில் காற்றுத் துப்பாக்கியை அமுக்கினால் முதலில் ஒரு மடக்குத் தண்ணீர் வரும்.

"நம்ம காத்து நல்ல காத்துதான்" என்றார் ஜி.எம். "இத்தனை வருஷமா எல்லா மெஷினும் அதுலதானே ஓடுது?"

ஏஜென்ட் இன்ஜினியர் சண்டை போடாமல், தான் கொண்டுவந்த சின்ன வடிகட்டி ஒன்றை இணைத்துச் சமாளித்துக்கொண்டார். குழாய்கள் போட்டு முடித்தோம். ஆபீஸிலிருந்து கிளம்பி, கேன்டீன், மெஷின் ஷாப், ஃபவுண்டரி என்று ஒரே வரிசையில் உறை போயிற்று. ஒவ்வொரு கட்டடச் சுவரிலும் ஒரு பெட்டி. அந்தக் கட்டடத்துக்கு உரிய நிறக் குழாயை மட்டும் அங்கே வெட்டி உள்ளே இழுத்துக்கொள்வோம். மற்றவை தாண்டிப் போகும். கேன்டீனுக்கு மஞ்சள், மெஷின் ஷாப்புக்குப் பச்சை, ஃபவுண்டரிக்குச் சிவப்பு. ஒரு சின்ன இரும்புக் குண்டை ஊதிச் சோதித்தோம். மூன்று இடத்திலும் சரியாக வந்து விழுந்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு சங்கங்கள். ஒன்றின் கொடி சிவப்பு, மற்றதன் கொடி பச்சை. மெஷின் ஷாப்பில் பெரும்பாலும் சிவப்புக் கொடிக்காரர்கள், ஃபவுண்டரியில் பச்சை. நான் நிறத்தைத் தேர்ந்தெடுத்தபோது இதை யோசிக்கவில்லை. வரைபடத்தில் எப்படி இருந்ததோ அப்படிப் போட்டேன். இரண்டாம் நாளே பச்சைக் கொடிச் செயலாளர் ஃபவுண்டரிச் சுவரில் சிவப்புக் குழாயைப் பார்த்துவிட்டு ஜி.எம். அறைக்குப் போனார். அங்கே ஏற்கெனவே சிவப்புக் கொடிச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் மெஷின் ஷாப்பில் பச்சைக் குழாயைப் பார்த்துவிட்டு வந்தவர்.

என்னைக் கூப்பிட்டார்கள். "ரெண்டையும் மாத்திப் போட்டுட்டா போச்சு சார். ரெண்டு பேருக்கும் அவங்கவங்க கலர் கிடைச்சிடும்" என்றேன்.

ஜி.எம். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். செயலாளர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உனக்குச் சட்டம் தெரியாதுப்பா. ஒரு சங்கத்தோட கொடிக் கலரை அவங்க ஷாப்புல நிர்வாகமே போட்டுக் குடுத்தா, அந்தச் சங்கத்தை நிர்வாகம் அங்கீகாரம் பண்ணிடுச்சுன்னு நாளைக்கு லேபர் கோர்ட்டுல வந்து நிப்பான்."

யோசித்து ஒரு தீர்ப்பும் கொடுத்தார். ஃபவுண்டரிக்கு மஞ்சள். மெஷின் ஷாப்புக்கு வெள்ளை. கேன்டீன் எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லை, சாம்பார் பொது. அதனால் சிவப்பை அங்கே போட்டுவிடு.

அப்படியானால் நான் மூன்று பெட்டிகளையும் திறக்க வேண்டும். முக்கியமாகக் கேன்டீனில் வெட்டியிருந்த மஞ்சள் குழாயை மறுபடி ஒட்டவைத்து, அது ஃபவுண்டரி வரை தடையில்லாமல் போகும்படி செய்ய வேண்டும். இதற்கு எனக்கு ஒரே நாள்தான் இருந்தது. ஏனென்றால் மறுநாள் சேர்மன் வருகிறார். அவர் முன்னிலையில் முதல் இழையை ஊதுவதென்று நல்ல நேரம் குறித்தாகிவிட்டது.

காலையில் ஃபவுண்டரியை முடித்தேன். பிறகு மெஷின் ஷாப். கேன்டீன் பெட்டி பரிமாறும் மேஜைக்கு மேலே இருந்தது. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகவும் சாப்பாட்டு மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தட்டோடு நிற்கும் முந்நூறு பேருக்கு நடுவில் ஏணி போட எனக்குத் தைரியம் இல்லை. சாப்பாடு முடியட்டும் என்று திரும்பினேன். அதற்குள் ஜி.எம்.மிடமிருந்து ஆள் வந்தது. வரவேற்புப் பலகையில் சேர்மனின் இனிஷியல் தப்பாகிவிட்டது, உடனே குமணன்சாவடியில் இருக்கும் பெயின்டரிடம் போய்த் திருத்திக்கொண்டு வரவேண்டும். பெயின்டர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி, பெயின்ட் காயும் வரை விசிறி, பலகையை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஷிப்ட் முடிந்து எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் பட்டாபிராமுக்கு ரயில் பிடிக்க ஓடினேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில், கேன்டீன் பெட்டி சுத்தமாக மறந்துபோயிற்று.

மறுநாள் ஊதும் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. குங்குமத்தூள் இழையைத் தள்ளும் உருளைக்குள் போய்விடுமோ என்று ஏஜென்ட் இன்ஜினியர் கைக்குட்டையால் மூடி மூடி வைத்தார். ஆபீஸ் முனையில் அவர். ஃபவுண்டரி முனையில் சேர்மன், ஜி.எம்., இரண்டு செயலாளர்கள், கையில் இன்டர்காமோடு நான். இழை வெளியே தலை நீட்டியதும் சேர்மன் அதன் நுனியில் மல்லிகைச் சரம் சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு. யாரோ தட்டில் கத்தரிக்கோலும் வைத்திருந்தார்கள். திறப்பு விழா என்றால் எதையாவது வெட்ட வேண்டும் என்பது அவர்கள் அனுபவம்.

தேங்காய் உடைந்தது. காற்றைத் திறந்தார்கள். இன்டர்காமில் ஏஜென்ட் இன்ஜினியர் மீட்டர் எண்ணிக்கையைச் சொல்ல, நான் அதை உரக்க அறிவித்தேன்.

"நூறு மீட்டர்!"

கைதட்டினார்கள்.

"இருநூறு மீட்டர்! முந்நூறு!"

ஆபீஸிலிருந்து ஃபவுண்டரிக்கு நானூறு மீட்டர். உலை வெக்கையில் சேர்மனின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எல்லாரும் மஞ்சள் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"நானூறு!"

கைதட்டத் தயாராகக் கை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

"நானூத்தம்பது" என்றேன், கொஞ்சம் மெதுவாக.

"எங்கேப்பா?" என்றார் சேர்மன்.

"வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றார் ஜி.எம். என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் ஊதச் சொல்லு."

இன்டர்காமில் ஏஜென்ட் இன்ஜினியர் உற்சாகமாக இருந்தார். "ஓட்டம் ரொம்ப நல்லா இருக்கு சார். தடையே இல்ல. ஐந்நூறு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சள். கேன்டீன். பெட்டி. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கேன்டீனில் பரிமாறும் அக்கா பெரிய கரண்டியோடு மேஜைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். சுவரிலிருந்து மஞ்சள் குழாய் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து வெள்ளை இழை நூல்நூலாக வந்து, மதியத்துக்குப் பிசைந்து வைத்திருந்த தயிர்சாத அண்டாவுக்குள் சுருள் சுருளாக இறங்கிக்கொண்டிருந்தது. குழாயின் மூடி எங்கோ பறந்துவிட்டிருந்தது.

"இன்னா சார் இது?" என்று கத்தினார் அக்கா. "செவுத்துலேர்ந்து பாம்பு மாரி வந்துகினே கீது! கரண்டியால நாலு போடு போட்டேன், அப்பவும் நிக்கல!"

கேன்டீன் இன்டர்காமில் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். என் குரலைக் கேட்டு ஏஜென்ட் இன்ஜினியரே ஓடி வந்துவிட்டார். அண்டாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டையைத் தளர்த்திக்கொண்டார்.

"இது வெளியே தெரிஞ்சா என்னால இன்னொரு ஃபேக்டரிக்குள்ள போக முடியாது. நான் பேசிக்கறேன், நீங்க சும்மா இருங்க" என்றார்.

இருவரும் ஃபவுண்டரிக்கு நடந்தோம். அங்கே அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்: "காத்துல ஈரம் சார். ஃபைபர் நடுவுல ஒட்டி மடங்கிடுச்சு. முதல்லயே சொன்னேன்."

ஜி.எம்.முக்குப் பழியை மாட்ட ஒரு கழுத்து தேவைப்பட்ட நேரம் அது. "கம்ப்ரஸரை யாருய்யா பாக்கறது?" என்று கர்ஜித்தார். நம்ம காற்று நல்ல காற்று என்று சாதித்தவரே அவர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். வடிகட்டி போட்டிருந்தது என்று சொல்லியிருக்கலாம். தவறு என்னுடையது என்றும் சொல்லியிருக்கலாம். நான் கத்தரிக்கோல் தட்டை வாங்கி ஓரமாக வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

கண்ணாடித் துகள் கலந்த தயிர்சாதத்தை அக்காவும் நானும் சேர்ந்து குழியில் கொட்டினோம். பால் திரிந்துவிட்டது என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். தயிர்சாதம் இல்லாத சாப்பாடா என்று இரண்டு சங்கங்களும் அன்று ஒன்றாகக் கேன்டீன் வாசலில் உட்கார்ந்துவிட்டன. எனக்குத் தெரிந்து அவர்கள் சேர்ந்து கோஷம் போட்டது அந்த ஒரு முறைதான். செயலாளர்கள் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அன்று மாலையே கம்ப்ரஸர் ஆபரேட்டருக்கு மெமோ போயிற்று. காற்றில் ஈரப்பதம் இருக்க அனுமதித்து, நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதற்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

மூன்று நாள் நான் கம்ப்ரஸர் ஹவுஸ் பக்கம் போகவில்லை. டீக்கடையில் அவனைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நாலாவது நாள் தாங்காமல் போனேன். இரண்டு கம்ப்ரஸரும் ஓடிக்கொண்டிருந்தன. காது அடைக்கும் சத்தம்.

"தப்பு என்னுதுடா!" என்றேன்.

"இன்னா?"

"தப்பு என்னுது!"

"ஒண்ணியும் கேக்கல!"

"கேன்டீன்ல மஞ்சக் குழாயை நான் சேர்க்காம விட்டுட்டேன்! ஃபைபர் அங்க போயிடுச்சு! உன் காத்து மேல ஒரு தப்பும் இல்ல!"

அவன் போய் இரண்டையும் நிறுத்தினான். சட்டென்று விழுந்த அமைதியில், இதே வாக்கியத்தை இன்னொரு தடவை, மெதுவான குரலில் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவன் கையைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தான். "மூணு நாளா எனுக்குச் சோறு எறங்கல. வேல போய்டுமான்னு ஊட்ல கேட்டுகினே கீறா. நீ டீ குடிக்கசொல்ல மூஞ்சிய மறைச்சிகினியே, அப்பவே நெனச்சேன், இதுல இன்னாமோ கீதுன்னு."

"நான் இப்பவே ஜி.எம்.கிட்ட சொல்லிடறேன்."

"போய்ச் சொல்லு" என்றான். வேண்டாம் என்று சொல்லுவான் என எதிர்பார்த்திருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஜி.எம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரிப்போர்ட் சேர்மனுக்குப் போயாச்சுப்பா. காரணம் ஈரம்னு எழுதியாச்சு. ஒரு தோல்விக்கு ஒரு காரணம் போதும். ரெண்டாவது காரணம் வந்தா, முதல் காரணத்தை எழுதினவன் யாருன்னு கேப்பாங்க."

"அப்ப அந்த மெமோ சார்?"

"அவன் பதில் எழுதட்டும். போய் வேலையைப் பாரு."

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அவன் மெமோவை எடுத்து, ஆங்கில வாக்கியத்தின்மேல் விரலை வைத்து என்னைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னான். சொன்னேன். அவன் முகம் மெல்ல மாறியது.

"இரு, இரு. காத்துல ஈரம் கீதுன்னு இவங்களே கையெழுத்து போட்டு ஒத்துகினாங்களா?"

"ஆமாம்."

"அப்ப எழுது. ஆமா சார், ஈரம் கீது. இத்தினி வாட்டி எழுதிக் குட்த்தேன். ட்ரையர் வாங்கிக் குடுங்க. குடுக்காங்காட்டி அடுத்த வாட்டியும் இதேதான் ஆவும். அப்டியே எழுது."

எழுதினேன். அவன் பழைய கடிதங்களின் நகல்களையும் பின்னால் குத்தினோம். அந்தப் பதில் ஜி.எம். மேஜைக்குப் போன அதே வாரம், ஈரத்தைப் போக்க என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டுச் சேர்மனிடமிருந்தும் கடிதம் வந்தது. விழாவைக் கெடுக்காத ஈரத்தைப் பற்றி அத்தனை பெரிய மனிதர் கவலைப்பட்டபின் வேறு வழியில்லை. ஒரு மாதத்தில் ட்ரையர் வந்து இறங்கியது. மெஷின் ஷாப்பின் காற்றுத் துப்பாக்கிகள் தண்ணீர் துப்புவதை நிறுத்தின. மெமோவை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை. கோப்பில் நிலுவையில் இருப்பதாகக் கடைசிவரை சொன்னார்கள்.

அவன் என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் அதன்பிறகு, இருவர் மட்டும் இருக்கும்போதும் என்னை "சார்" என்றே கூப்பிட்டான். நான் தொழிற்சாலையை விட்டுப் போகும்வரை அது மாறவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இரண்டாம் தடவை ஊதியது ஒரு சாதாரண முற்பகலில். மாலை இல்லை, தேங்காய் இல்லை. முந்தின நாள் நான் கேன்டீன் பெட்டியைத் திறந்து மஞ்சள் குழாயைச் சேர்த்து, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தேன். அந்த வேலைக்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காற்றைத் திறந்ததும் ஃபவுண்டரிச் சுவரில் முதலில் ஒரு மெல்லிய மூச்சு கேட்டது. பிறகு வெள்ளை நுனி ஒன்று எட்டிப் பார்த்து, அவசரமில்லாமல் வெளியே வந்து தரையில் வளைந்தது. மோல்டிங் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தார்கள். "காத்தே இஸ்துகினு வந்துச்சாப்பா?" என்றார் ஒருவர். மறுமுனையில் டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு, இங்கே ஓர் இழையின் நுனியை வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்தேன். தாளில் கடுகளவு வெளிச்சம் விழுந்தது. கேட்டவர் அந்த வெளிச்சத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

மறுவாரம் உலை ஓடும்போதே ஃபவுண்டரித் திரையில் எழுத்துகள் ஆடாமல் அசையாமல் நின்றன. ஆபீஸிலிருந்து முதல் செய்தி வந்தது. ஃபவுண்டரி மேனேஜர் அதைப் பிரின்ட் எடுத்து, அடியில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, பியூனிடம் கொடுத்து ஆபீஸுக்கு அனுப்பினார். செய்தி அங்கே கிடைத்ததா என்பதை எழுத்து மூலம் உடனே தெரிவிக்கவும் என்று அந்தச் செய்தியில் கேட்டிருந்தார்கள்.